உப்பு வரியிலிருந்து வெளித்துறைமுகம் வரை: தூத்துக்குடிக் கடற்கரையின் தேர்தல் கணக்கு

1923 மார்ச்சில் உப்பு வரி ஒரே வீச்சில் இரட்டிப்பானது. மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்த மத்திய சட்டசபை ஒப்பவில்லை. வைசிராய் ரீடிங் தமக்கிருந்த தனி அதிகாரத்தைக் கொண்டு அதை நிறைவேற்றினார். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் சி. ஆர். தாஸும் மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சி சட்டசபையில் வலுவான அணியாக நுழைந்தது. 1924 மார்ச்சில் வரி மறுபடியும் ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்கியது.

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய தொழிலாளர்களுக்கு அந்தத் தேர்தலில் இடமில்லை. நிலவரி, வருமான வரி, சொத்து ஆகியவற்றை வைத்தே அன்று வாக்குரிமை அளக்கப்பட்டது. தின்ற சோற்றிலெல்லாம் வரி கட்டியவர்களுக்கு அந்த வரியைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்குக்கூடக் கிடையாது.

அன்று முதல் 2024 மக்களவைத் தேர்தல் வரையிலான நூறு ஆண்டுகளில் இக்கடற்கரையின் அரசியல் பேச்சு இரண்டு முறை திசை மாறியது. ‘வரியைக் குறை’ என்பது ‘எங்களுக்குச் செலவு செய்’ என்றானது. அதுவே பின்னர் ‘கட்டிய வரியில் எங்கள் பங்கு எங்கே’ என்றானது. மூன்று கட்டங்களிலும் ஒரு கேள்வி மட்டும் கட்சிகளிடம் அழுத்திக் கேட்கப்படவில்லை: அறிவித்த செலவுக்குப் பணம் எந்த வழியில், எந்த ஆண்டில் வரும்?

வாங்கிய கடல்

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் எந்த ஆட்சிக்கும் கருவூலக் கணக்கில் ஒரு வரியாகவே இருந்தன. பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என ஆள்பவர் மாறினாலும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பில் அரசுப் பங்கு மாறவில்லை. மூழ்குபவர் கடலடிக்கு இறங்கப் பயன்படுத்திய கல்லே பங்கின் அளவானது. ஆட்சியாளர்களுக்கும் கோயில்களுக்கும் இத்தனை ‘கல்’ என்று உரிமை ஒதுக்கப்பட்டது. பரதவர் மூச்சடக்கி எடுத்த சிப்பியில் பெரும்பங்கு கரையேறியதும் கைமாறிவிடும். சலாபம் பல ஆண்டுகள் நடக்காமலும் போகும் என்பதால், அது நம்பத்தக்க வருமானமாக இருந்ததில்லை. கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

உப்பு அப்படியல்ல, ஆண்டுதோறும் விளைந்தது, ஆண்டுதோறும் வரி தந்தது. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தபோது அந்த வரியின் எதிர்ப்பு நாட்டின் போராட்டமாகியிருந்தது. 1947 ஏப்ரலில் வரி ஒழிந்தது. ஆனால் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உப்புத் தீர்வை என்ற சிறு தொகை தொடர்ந்தது. டன்னுக்கு மூன்றரை ரூபாய். அதுவும் 2016இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ஜிஎஸ்டியில் உப்புக்கு வரி இல்லை. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவிக்கும் மாநிலத்தின் முதன்மை உப்பு மாவட்டத்தில், உப்பு வரி என்ற பேச்சே தேர்தலில் இல்லாமல் போனது. இப்போது தொழிலாளர்கள் கேட்பது வேறு: மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை. தமிழக அரசு தரும் 5,000 ரூபாய் அந்தக் கோரிக்கையின் விளைவு.

நிதியமைச்சரின் தொகுதி

அனைவருக்கும் வாக்குரிமை வந்து சுமார் பத்தாண்டில் இக்கடற்கரைக்கு ஒரு விசித்திரமான வாய்ப்பு கிடைத்தது. 1962 மக்களவைத் தேர்தலில் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து டி. டி. கிருஷ்ணமாச்சாரி போட்டியின்றித் தேர்வானார். பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டரின் யோசனைகளை ஒட்டி 1957இல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தவர் அவர். 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானதும், இடையில் கைவிடப்பட்ட செலவு வரியை 1964இல் திரும்பவும் விதித்தார். நாட்டின் வரிக்கொள்கையை வகுத்தவர் இந்தக் கரையின் உறுப்பினர். ஆனால் போட்டியே இல்லாததால், அந்தக் கொள்கையைப் பற்றி வாக்காளர் முன் ஒரு வாதம்கூட நடக்கவில்லை.

அவர் பதவியிலிருந்தபோதே, 1964 நவம்பர் 5 அன்று, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தூத்துக்குடிப் புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கரை கேட்ட செலவு தொடங்கியது. முடிவதற்குத்தான் நாளாயிற்று.

1967இல் காட்சி தலைகீழானது. திமுக கூட்டணியில் திருச்செந்தூரை வென்றது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. அதிக வரியையும் அரசின் பெருந்திட்டச் செலவையும் எதிர்த்துப் பிறந்த கட்சி அது. அதே கூட்டணியின் தலைமைக் கட்சியோ, ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1967 ஜூலை 23ஐ எழுச்சி நாளாக அறிவித்து, சேலம் உருக்காலை, தூத்துக்குடித் துறைமுகம், சேதுக் கால்வாய் ஆகியவற்றுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலமெங்கும் கூட்டம் போட்டது. அரசு குறைவாகச் செலவிட வேண்டும் என்பவர்களும், இங்கே அதிகமாகச் செலவிட வேண்டும் என்பவர்களும் ஒரே மேடையில் வாக்குக் கேட்டிருந்தார்கள். காங்கிரஸ் மீதான கோபமும் அரிசித் தட்டுப்பாடும் அந்த முரணை மறைத்துவிட்டன. துறைமுகம் 1974 ஜூலையில் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சேதுக் கால்வாய் அரை நூற்றாண்டுக்குமேல் தேர்தல் அறிக்கைகளில் இடம்பிடித்தும் முடியவில்லை. 2005இல் 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த பணி, 2007இல் வழக்கில் நின்றது.

பங்கு என்ற சொல்

எழுச்சி நாளின் கோரிக்கை மெல்ல ஒரு கொள்கையானது. 1969இல் திமுக அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தபோது, தனித்தனித் திட்டங்களைத் தாண்டி, வரி வருவாயை மத்திய அரசும் மாநிலங்களும் பகிரும் முறையே விவாதமானது. அதன்பின் ஒவ்வொரு நிதிக்குழுவும் தமிழக அரசியலில் ஒரு தேர்தல் போலவே பார்க்கப்படுகிறது.

எண்கள் சுருக்கமானவை. மாநிலங்களுக்குப் பகிரும் தொகுப்பில் தமிழகத்தின் பங்கு 13ஆம் நிதிக்குழுவில் 4.969 விழுக்காடு, 14ஆம் குழுவில் 4.023, 15ஆம் குழுவில் 4.079. அதே வேளையில், பகிரும் தொகுப்பே 32 விழுக்காட்டிலிருந்து 42ஆக உயர்ந்து, பின் 41ஆனது. பங்கு குறைந்தது என்று ஒரு தரப்பும், தொகுப்பு பெருத்தது என்று மறுதரப்பும் சொல்வதில் இரண்டும் உண்மை. செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலாகும் பணம் அந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை என்பதும் உண்மை. 2024 பிரசாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ‘ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்புகிறது’ என்று பேசியதும், பகிர்வு நிதிக்குழுவின் முடிவே என்று பாஜக பதில் சொன்னதும் இந்தக் கணக்கின் மேடை வடிவங்கள்.

தூத்துக்குடிக்கு அது ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து மாநில அரசு 37,000 கோடி ரூபாய்க்குமேல் கேட்டது. பேரிடர் நிதியின் மத்தியப் பங்கான 900 கோடி ஏற்கெனவே தரப்பட்டது என்றது மத்திய அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தமிழகத்தில் 2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்து எட்டு நாள் கழித்து, சுமார் 276 கோடி விடுவிக்கப்பட்டது.

ஒரே துறைமுகம், மூன்று தொகைகள்

கடற்கரையின் தேர்தல் கணக்கை முழுமையாகக் காட்டுவது வெளித்துறைமுகம். 2013 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு 7,500 கோடி ரூபாயில் வெளித்துறைமுகம் அமையும் என்றார். அடுத்த ஆண்டு தேர்தல். ஆட்சி மாறியது. 2014 ஜூலை பட்ஜெட்டில் புதிய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதே திட்டத்தின் முதல் கட்டத்துக்கு 11,635 கோடி என்றார். 2024 பிப்ரவரி 28 அன்று, தேர்தல் தேதி அறிவிப்புக்கு இரண்டரை வாரம் முன்னர், பிரதமர் மோடி தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டியபோது திட்ட மதிப்பு சுமார் 7,056 கோடி. அதற்கு மூன்று நாள் முன்னர் முதல்வர் ஸ்டாலின் அதே மாவட்டத்தில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்.

பட்ஜெட் உரையில் வரும் தொகை பட்ஜெட்டிலிருந்து வரும் பணமல்ல. வெளித்துறைமுகத்தின் பெரும்பகுதிச் செலவு பொது–தனியார் கூட்டு முறையில் தனியார் முதலீட்டை நம்பியிருக்கிறது. முதலீட்டாளர் வராவிட்டால் உரையில் சொன்ன எண்ணுக்கு மதிப்பில்லை. மூன்று அறிவிப்புகளிலும் பொதுமக்கள் காதில் விழுந்தது தொகை மட்டுமே.

மீன்பிடித் துறைமுகத்தில் விவாதம் இன்னும் நேரடியானது. கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும். 2019இலும் 2024இலும் தமிழகத்தின் வாக்குப்பதிவு அதன் முதல் வாரத்தில் விழுந்தது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாள்களில் வாக்கு. தடைக்கால உதவியை 5,000 ரூபாயிலிருந்து 8,000ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு சமையல் எரிவாயு விலையில் 100 ரூபாயும், பெட்ரோல், டீசல் விலையில் லிட்டருக்கு 2 ரூபாயும் குறைத்தது. அந்த மாதமே வந்த திமுக தேர்தல் அறிக்கை டீசல் 65 ரூபாய், எரிவாயு 500 ரூபாய் என்றது. அந்த அறிக்கைக் குழுவின் தலைவர் தூத்துக்குடியின் உறுப்பினர் கனிமொழியே. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், மத்திய கலால் வரி, மாநில மதிப்புக்கூட்டு வரி இரண்டில் எது எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைச் சொல்லாமல் அந்த விலையைச் சரிபார்க்க முடியாது.

கணக்கு காட்டும் கடமை

இப்படிக் கணக்குக் காட்ட விதி இல்லாமலில்லை. 2006இல் அறிவிக்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சி தொடர்பான தமிழக வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையடுத்து, தேர்தல் நடத்தை விதிகளில் அறிக்கைகளுக்கென ஒரு பகுதி 2014இல் சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்கான நிதி வழியைக் கட்சிகள் குறிப்பிட வேண்டும் என்கிறது அது. மீறினால் தண்டனை ஏதுமில்லை. 2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம் செலவு விவரப் படிவம் ஒன்றை முன்மொழிந்து கட்சிகளின் கருத்தைக் கேட்டது. நெதர்லாந்தில் மத்தியத் திட்டப் பணியகம் 1986 முதல் கட்சி அறிக்கைகளின் செலவையும் வரி விளைவையும் கணித்து வெளியிடுகிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் இதற்கென ஓர் அலுவலகத்தையே அமைத்தது. அங்கே கட்சிகள் கணக்குக்குப் பயந்து வாக்குறுதியைத் திருத்துகின்றன.

தூத்துக்குடியின் நூறாண்டு வரலாறு காட்டும் முடிவு இதுதான்: கரை மக்கள் கேட்ட கோரிக்கைகள் பெரும்பாலும் நியாயமானவை, ஆனால் தொகையைக் கேட்டார்களே தவிர, வழியையும் கெடுவையும் கேட்கவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் வெளித்துறைமுகம், டீசல் விலை, வெள்ள நிவாரணம் மூன்றுக்கும் தனித்தனியே தொகை, நிதி வழி, முடிக்கும் ஆண்டு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள்.