சிறுநீரில் வெண்கரு

1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோது, நெருக்கமான பேட்டைகளை விட்டு வெளியேறிய மக்கள் காற்றோட்டமுள்ள இடம் தேடிக் குடியேறியதால் வளர்ந்த பகுதி மல்லேஸ்வரம். அந்நோய் வந்ததை யாவரும் அறிந்தனர். காய்ச்சலும் நெறிக்கட்டியுமாக அது தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது. இங்கு நாம் சொல்ல எடுத்துக்கொண்டது அறிவிப்பின்றி வரும் வேறொன்று.

அலுவலகத்து ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் நமக்குக் கிடைத்த தாளில், "அல்புமின்" என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கூட்டல் குறி இருந்தது. வலியில்லை, வீக்கமில்லை, ஆகவே தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மூன்று மாதம் மறந்திருந்தோம். பின்னர் ஒருநாள் மல்லேஸ்வரத்து மருத்துவர் ஒருவரிடம் சென்றபோது அவர் முதலில் கேட்டது, சிறுநீரில் "நொரெ" காண்கிறதா என்பதே. கன்னடச் சொல்தான், ஆயினும் நம் நுரைக்கு உடன்பிறப்பன்றோ? மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அக்கேள்வி மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் நூலில், சிறுநீரின் மேல் தங்கும் குமிழிகள் நெடுநாள் நீடிக்கும் சிறுநீரக நோயைக் காட்டும் என்னும் கருத்து உண்டு. நம் சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி முறை, நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என ஐந்தையும் நோக்கச் சொல்கிறது. நுரை அங்கே தனியே எண்ணப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் நுரைக்குள் இருக்கும் பொருளை அறிய நெருப்பு வேண்டியிருந்தது.

இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்து மருத்துவர் கொதூனியோ, உடல் வீங்கிய ஒரு போர்வீரனின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். அது முட்டையின் வெண்கரு போல உறைந்தது. இச்செய்தியை அவர் வெளியிட்டது 1764-இல். அல்புமின் என்னும் சொல்லின் இலத்தீன் வேருக்கும் வெண்மை என்றே பொருள். இன்று நாம் புரதம் என்று கூறும் பேரினத்துள் அல்புமின் ஒன்று.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், இதனையே ஒரு கரண்டியும் மெழுகுவத்தியும் கொண்டு நோயாளியின் படுக்கையருகே செய்தார். உடல் வீக்கம், உறையும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்க்கையில் கெட்டிருந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் 1827-இல் அவர் ஒன்றாக முடிச்சிட்டார். மருத்துவ உலகம் அதற்குப் "பிரைட் நோய்" என்றே பெயரிட்டது. பெயர் ஒன்றாகிவிட்டதால் நோயும் ஒன்றே எனப் பலர் மயங்கினர். நம் தொழிலில் இது அடிக்கடி காணும் விபத்து. ஒரு சொல் நிலைத்துவிட்டால் அதற்குள் எத்தனை பொருள் அடங்கியுள்ளன என்று எவரும் கேட்பதில்லை.

அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் சான்றுகளுள் சில அதே மருத்துவமனையிலிருந்து வந்தன. 1843-இல் லீவர் என்பார், பேறுகாலத்தில் வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரில் அல்புமினைக் கண்டார். கருவுற்ற ஐந்து மாதத்திற்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து புரதமும் தோன்றினால், இன்றும் அது காலம் தாழ்த்தலாகாத அபாயம். மறுபுறம், ஜெர்மனியில் லாய்பே என்பார் 1878-இல், நெடுந்தூரம் அணிநடை நடந்த நலமான படைவீரர் சிலரிடமும் அது தோன்றுவதைக் காட்டினார். கடும் உழைப்பு, காய்ச்சல், வளரிளம் பருவத்தில் நெடுநேரம் நிற்றல் ஆகியவற்றால் வருவது தானே மறையும். ஆகவேதான் ஒரு தாளைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதில்லை. விடியலில் எழுந்தவுடன் எடுத்த நீரைக் கொண்டு மீண்டும் சோதிப்பர்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண் வடிகட்டிகள் உள. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வரை வடிக்கின்றன. பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. இவ்வளவிலும் வெளியேறும் புரதம் 150 மில்லிகிராமுக்குள்தான். வடிகட்டி பழுதுபட்டால் அளவு மிகும். பழுதாக்குவோருள் முதல்வர் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். சிறுவரிடம் தொண்டைப் புண்ணோ சிரங்கோ ஆறிய சில வாரங்களில் அழற்சி தோன்றுவதுண்டு. மூட்டுவலிக்கென ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளும் காரணமாகலாம். சிலபோது வடிகட்டியில் குறையே இராது. எலும்பு மச்சையின் புற்று தோற்றுவிக்கும் வேண்டாத புரதம் மிகுந்து வழியும்.

1963-இல் மீண்டும் கைஸ் மருத்துவமனையிலேயே, கரண்டியில் உறையாத மிகச் சிறிய அளவையும் அளக்கும் முறையைக் கீன் என்பாரும் அவர் துணைவரும் வெளியிட்டனர். பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியே உருவான கேப்டோப்ரில், நீரிழிவால் வரும் சிறுநீரகச் சிதைவைத் தாமதிக்கிறது என்பது 1993-இல் உறுதியாயிற்று.

கருவிகள் பெருகினும் பழைய எளிய முறை வழக்கொழியவில்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, நகரை அடுத்த சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு பணியை நடத்தினார். பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று, சிறுநீரில் ஓர் அமிலத்தைச் சொட்டிக் கலங்குகிறதா என நோக்கினர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தனர். விலை மலிந்த மருந்துகளே கொடுக்கப்பட்டன. அதன் பயனை 2003-இல் அவர் மருத்துவ இதழொன்றில் எழுதினார். பிரைட்டின் கரண்டிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் கதைக்கு வருவோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கூட்டல் குறி நின்றது. காரணம் இரத்த அழுத்தம் என்றார் மருத்துவர். நுரை நமக்கு இருக்கவேயில்லை. புரதம் சிறிதளவாயின் நுரை தோன்றாது என்றும், நீர் வேகமாய் விழுந்தாலே நுரைக்கும் என்றும் விளக்கினார். பிறகு, இது எப்போது தொடங்கியது என்று அறிய முந்தைய ஆண்டுகளின் தாள்களைக் கேட்டார். மாற்றலாகி மாற்றலாகி டெல்லியிலும் நாகபுரியிலும் வீடு காலி செய்தபோது, பாத்திரங்களை எண்ணி எடுத்து வந்த நாம் அத்தாள்களைப் பழைய செய்தித்தாளுடன் எடைக்குப் போட்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதிய அட்டை ஒன்றில் அன்றைய தேதியை முதல் வரியாக எழுதினார்.