சபர் போன ஊர் சொந்த ஊரான கதை

பொருள் தேடிக் கடல் கடந்தவரை நம் ஊர்களில் சபராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். போனவர் திரும்பி வருவார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் முன்னோர் யாரும் குடியேறப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறவில்லை. ஆனாலும் இன்று நாம் சிங்கப்பூரர்களாக இருக்கிறோம். நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், அவர்களுடைய பயணக் கணக்கு மாறிய மூன்று காலங்களை நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, 1819. அதற்கு முன் சோழமண்டலக் கரையிலிருந்து கிளம்பிய நம் வணிகர் பலருக்குப் பினாங்கே இலக்கு. 1786இல் ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் அமைத்திருந்தனர். தென்மேற்குக் காற்றில் துணிப் பொதிகளோடு போய், வடகிழக்குக் காற்றில் பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்புவார்கள். சிங்கப்பூரில் சுங்கவரி இல்லை என்ற செய்தி பரவியதும், பினாங்கோடு நிற்க நினைத்தவர்களும் தெற்கே வரத் தொடங்கினர். 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலேயே சூலியா கம்போங் என்று நம்மவர்களுக்குத் தனிப் பகுதி குறிக்கப்பட்டது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1827இல் தெலுக் ஆயர் தெருவில் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல் அப்ரார், 1828க்கும் 1830க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா என அடுத்தடுத்து எழுந்தன. அன்று தெலுக் ஆயர் தெரு கடற்கரையாகவே இருந்தது. தெரியாத ஊரில் இறங்கியவர் முதலில் தேடுவது தொழ ஓர் இடம், ஊர்ச் செய்தி சொல்ல ஒரு முகம், இறந்தால் ஜனாஸா தொழுகைக்கு நிற்க நாலு பேர். நம் முன்னோர் தங்களுக்கு நிலையான வீடு அமைக்கும் முன்பே இவற்றுக்கு வழிசெய்தார்கள். இந்த மூன்று கட்டடங்களும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இரண்டாவது, 1942. நீராவிக் கப்பல் வந்தபின் சபர் எளிதாகியிருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வரும். சில ஆண்டுகள் கடையில் உழைத்து, சில மாதம் ஊரில் இருந்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அந்தப் போக்குவரத்து நின்றது. ஊர் திரும்ப நினைத்திருந்தவர்கள் மூன்றரை ஆண்டுகள் இங்கேயே அடைபட்டார்கள். பணம் அனுப்ப வழியில்லாமல் இவர்கள் இங்கே தவித்தார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் குடும்பம் அங்கே தவித்தது.

மூன்றாவது மாற்றத்தைச் சட்டம் கொண்டுவந்தது. 1953 ஆகஸ்ட் 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. நினைத்தபோது வருவதும் போவதும் முடிந்தது. 1959இல் விதிகள் மேலும் இறுகின. கணவரைப் பிரிந்து நெடுங்காலம் ஊரில் இருந்துவிட்ட மனைவியர்கூட இங்கே வந்து சேர்வது கடினமாயிற்று. ஊரா, இங்கேயா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சிலர் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பினர். சிலர் மனைவி மக்களை வரவழைத்து, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமைக்குப் பதிந்துகொண்டனர். வேறு சிலரோ குடும்பத்தை அங்கேயும் பிழைப்பை இங்கேயும் வைத்துக் கடைசிவரை இரண்டு கரைக்கும் நடுவிலேயே வாழ்ந்து முடித்தார்கள். நம் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பக்கம் அவர்களுடையது. அவர்களுக்காக ஊரில் காத்திருந்த பெண்களுடையதும்கூட.

குடும்பம் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். குடும்பத்தோடு முன்னரே வரத் தொடங்கிய கடையநல்லூர் மக்கள் இதைச் சீக்கிரமே உணர்ந்தார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982இல் மூடப்படும்வரை பல குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். திரும்பிப் போகிறவர்கள் இப்படிப் பள்ளிக்கூடம் கட்டமாட்டார்கள். வாயால் சொல்லாத முடிவை நம்மவர்கள் அந்தக் கட்டடத்தில் சொல்லிவிட்டார்கள்.

நம் சங்கம் தொடங்கிய காலத்தில் சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் காலமே முடிந்தது. அந்தக் கப்பல்களில் வந்த பெரியவர்கள் நம்மிடையே இன்று சிலரே. அவர்களுடைய பழைய கடவுச்சீட்டுகளும் கடிதங்களும் கடைக் கணக்கேடுகளும் வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. அவற்றைச் சங்கத்தில் சேர்த்து வைப்பது எங்கள் தலைமுறையின் வேலை.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. இன்று நம் கடைகளில் வேலை அனுமதிச் சீட்டோடு நிற்கும் தம்பிகளும் இரண்டு வருடம் என்ற கணக்கோடுதான் வந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கினாலும் திரும்பினாலும், நம் பாட்டன்மாருக்கு ஒரு பள்ளிவாசல் திண்ணை தந்த ஆறுதலை அவர்களுக்கு நம் சங்கம் தர வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நாம் செய்யப்போகும் வேலையை இதைக் கொண்டே அளப்போம், இன்ஷா அல்லாஹ்.