பள்ளிக்கு ஒருவர்

தென்கொரிய அரசுப் பள்ளிகளில் 'பள்ளிக்கு ஒருவர்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிள்ளைகள் அவரை 'வொனொமின் சொன்செங்னிம்' என்று அழைப்பார்கள். 2011 டிசம்பரில் சியோல் நகர மன்றம் மேல்நிலைப் பள்ளிகளில் அவருக்கென இருந்த நிதியை வெட்டியது. மறு ஆண்டே பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து அவர் போய்விட்டார். நடுநிலைப் பள்ளிகளிலும் வரிசையாகக் குறைத்தார்கள். தலைநகரைச் சூழ்ந்திருக்கும் கியோங்கி மாகாணமும் அதே ஆண்டுகளில் அதே வழியில் போயிற்று. தொடக்கப் பள்ளிகளில் இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளிக்கும் ஒருவர் என்ற வாக்குறுதி செத்துவிட்டது. அதற்குத்தான் இந்த இரங்கல்.

அந்த ஆசிரியர்களின் உச்சரிப்புக்காகவோ இலக்கண அறிவுக்காகவோ நான் வருந்தவில்லை. இலக்கணம் சொல்லித்தருவதில் கொரிய ஆசிரியர்கள் அவர்களைவிட வல்லவர்கள். தன் மொழி அறியாத ஒரு மனிதரோடு பேசிப் பழகும் வாய்ப்பு, காசு கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியிலேயே இலவசமாகக் கிடைத்தது. போனது அதுதான்.

இந்த ஆசிரியரின் குலம் பழையது. 1886-இல் மன்னர் கோஜோங் சியோலில் அரச ஆங்கிலப் பள்ளியைத் திறந்து, அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர்களை வரவழைத்தார். ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டல்சல் பங்கர். படித்தவர்கள் பிரபுக்கள் வீட்டு மகன்களும் இளம் அதிகாரிகளும். பள்ளி பத்தாண்டுகூட நிலைக்கவில்லை, 1894-இல் மூடிவிட்டார்கள். ஆனால் ஹல்பர்ட் கொரியாவை விடவில்லை. கொரிய எழுத்தைக் கற்றார். படித்தவர்கள் சீன எழுத்தையே மதித்த அந்தக் காலத்தில், கொரிய எழுத்திலேயே ஓர் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். ஜப்பான் நாட்டை விழுங்கிக்கொண்டிருந்த 1907-இல், மன்னரின் முறையீட்டை உலகின் காதில் போட ஹேக் நகர் வரை போனார். 1949-இல், எண்பதைத் தாண்டிய வயதில், விடுதலை பெற்ற கொரியாவின் அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்தவர் ஒரு வாரத்தில் சியோலிலேயே இறந்துபோனார். யாங்ஹ்வாஜின் வெளிநாட்டார் கல்லறையில் இன்றும் இருக்கிறார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவரைக் கொரியர்கள் தங்கள் விடுதலைக்குத் துணைநின்றவராக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவருக்குப் பிறகு 'பீஸ் கோர்' என்ற அமெரிக்க அமைதிப் படையின் தன்னார்வலர்கள் வந்தார்கள். 1966 முதல் 1981 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். கணிசமானவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள். 1975-இல் யேசான் என்ற ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த கேத்லீன் ஸ்டீவன்ஸ் 2008-இல் அமெரிக்கத் தூதராகச் சியோலுக்கு வந்தார். கொரிய மொழியிலேயே சரளமாகப் பேசினார். கொரியப் போரின் வரலாற்றை எழுதிப் பெயர்பெற்ற புரூஸ் கமிங்ஸும் அந்தப் படையில் வந்தவர்தான். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள் கொரியாவைக் கற்றுக்கொண்டு போனார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வரவாக எழுதியதில்லை என்பது என் ஆதங்கம்.

நாம் இரங்கும் ஏற்பாடு 1995-இல் பிறந்தது. அதிபர் கிம் யங் சாம் 'உலகமயமே நாட்டின் வழி' என்று முழங்கிய காலம். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கும் 'எபிக்' என்ற அரசுத் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. 1997-இல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமானது. அதே ஆண்டின் இறுதியில் நாடு கடனில் மூழ்கிப் பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தியபோது, வந்த ஆசிரியர்களில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டம் தப்பிப் பிழைத்தது. 2003-இல் கியோங்கி மாகாணமும் 2005-இல் சியோலும் தாமே ஆளெடுக்கத் தொடங்கின. ஆன்சானிலும் பாஜுவிலும் 'ஆங்கில கிராமங்கள்' எழுந்தன. 2006-இல் திறந்த பாஜுவில், ஐரோப்பிய ஊர் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல் செங்கல் கட்டடங்களையே கட்டிவிட்டார்கள். 2008-இல் பதவிக்கு வந்த லீ மியுங் பாக் அரசு, மற்றப் பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்தலாமா என்றுகூட யோசித்தது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென்று 'டாக்' என்ற தனித் திட்டமும் அந்த ஆண்டு வந்தது. 2011-ஐ ஒட்டி நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் இருந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் சுமார் ஒன்பதாயிரம் பேர். இது உச்சம். சரிவும் அங்கிருந்துதான்.

அந்த வெளிநாட்டு ஆசிரியரின் அன்றாடம் எப்படி இருந்தது? வாரத்துக்கு 22 பாடவேளை. பக்கத்தில் கொரிய ஆசிரியர் ஒருவர் இருப்பார். இருவரும் சேர்ந்து வகுப்பை நடத்த வேண்டும் என்பது விதி. சில பள்ளிகளில் அந்த இணை அழகாக வேலை செய்தது. சில பள்ளிகளில் கொரிய ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். வெளிநாட்டவர் பாடநூலைத் தொடுவது குறைவு. திரையில் ஒரு விளையாட்டு, குழுப் போட்டி, வேடமிட்டுப் பேசுதல் என்று வகுப்பு ஓடும். மதியம் பிள்ளைகளோடு உணவுக்கூடத்தில் கிம்ச்சியும் சோறும் சாப்பிடுவார். விடுமுறையில் ஆளில்லாத பள்ளிக்கு வந்து, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதற்காக மேசைமுன் உட்கார்ந்திருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 வகுப்புகள், வகுப்புக்கு முப்பது சொச்சம் பிள்ளைகள் என்றால் எழுநூறு முகங்கள். ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு நிமிடம் அவரோடு பேசக் கிடைத்தால் பெரிது. இதனால் ஒருவருக்கு ஆங்கிலம் வந்துவிடுமா? வராது. இந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் அடுக்கிய காரணங்களில் இது வலுவானது, நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது வேறு எங்கும் நடக்காதது. கொரிய ஆசிரியரிடம் பிள்ளை ஆங்கிலத்தில் பேசும்போது இருவருக்கும் ஒன்று தெரியும்: மாட்டிக்கொண்டால் கொரிய மொழி இருக்கிறது. அங்கே ஆங்கிலம் ஒப்பித்துக் காட்ட வேண்டிய பாடம். கேப் டவுனிலிருந்தோ டப்ளினிலிருந்தோ வந்தவர்முன் நிற்கும்போது அந்தத் தப்பும் வழி இல்லை. வயிறு வலிக்கிறது, கழிப்பறைக்குப் போக வேண்டும், பக்கத்துப் பையன் என் அழிப்பானை எடுத்துக்கொண்டான். எதுவாக இருந்தாலும் தெரிந்த நான்கு சொற்களையும் கையையும் முகத்தையும் வைத்துப் புரியவைத்தாக வேண்டும். 'ஹவ் ஆர் யூ' என்றால் 'ஐயம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ' என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஒப்பித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். 'இன்று நான் நன்றாக இல்லை' என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்லி, கேட்டவரும் 'ஏன், என்ன ஆயிற்று?' என்று திருப்பிக் கேட்டுவிட்டால், அந்த மொழியால் ஒரு காரியம் ஆகிறது என்று பிள்ளைக்கு உறைக்கிறது. மதிப்பெண்ணில் இது தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வெளிநாட்டவரைக் கண்டு ஓடாது என்பது மட்டும் தெரியும்.

குறைகளைச் சொல்லாமல் இரங்கல் எழுதுவது இறந்ததற்கு மரியாதை ஆகாது. ஆசிரியராக வர ஏழு நாடுகளின் கடவுச்சீட்டில் ஒன்று வேண்டும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அதோடு ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும் என்றிருந்தது. கற்பிக்கப் பயின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நெடுநாள் இல்லை. மணிலாவில் இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவருக்குக் கதவு மூடியே இருந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்களுக்கு மட்டும் துணை ஆசிரியராக வர ஒரு வழி விட்டது. ஆங்கிலமே தாய்மொழியாக வளர்ந்த கொரிய வம்சாவளியினரைக்கூடத் தனிப்பயிற்சி நிலையங்கள் முகத்தைப் பார்த்துத் தள்ளிவைத்தது உண்டு.

தேகு நகரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 2010-இன் இறுதியில் அங்கே 21 தொடக்கப் பள்ளிகளில் 29 ரோபோக்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்தன. பெயர் 'எங்கி'. வகுப்பில் கேட்ட குரல், பிலிப்பைன்ஸில் உட்கார்ந்து தொலைவிலிருந்து பாடம் நடத்திய ஆசிரியர்களுடையது. திரையில் தெரிந்ததோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த ஆசிரியர்களின் திறமை வேண்டும், அவர்களின் முகம் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு எதற்குக் கற்றுத்தர வேண்டும்?

வந்தவர்களையும் நாடு முழு மனதோடு நடத்தவில்லை. கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த கனடாக்காரர் ஒருவர் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்காக 2007-இல் தாய்லாந்தில் பிடிபட்டபோது ஊடகங்கள் கொதித்தன. குற்றப் பின்னணியைச் சோதிப்பது நியாயம். அதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயமானது. கொரிய ஆசிரியர்களுக்கு அது கிடையாது. மறுபடி பரிசோதனைக்கு உட்பட மறுத்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவரை போனார். 2015-இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017-இல் விதி போனது.

இத்தனை குறை இருந்தும் திட்டத்தைக் கொன்றது இவை அல்ல என்பதே என் முடிவு. கொன்றது தேர்வு. கொரியாவில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நவம்பரில் நடக்கும் 'சுனுங்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதி ஓடும் நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அத்தனை மரியாதை அந்தத் தாளுக்கு. இன்றைய வடிவில் அதில் 70 நிமிடத்துக்கு 45 கேள்விகள். 17 கேட்டு எழுதுபவை, மற்றவை படித்து எழுதுபவை. வாய் திறந்து பேச வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. பேச்சைக் கற்பிக்க ஆளை வரவழைத்துவிட்டு, பேச்சுக்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் வைக்காத நாட்டில், மேல்நிலை வகுப்புப் பிள்ளை அந்த ஆசிரியரின் பாடவேளையில் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. தவறு பிள்ளையுடையதும் அல்ல.

இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி நடந்தது. பேசுதலையும் எழுதுதலையும் சோதிக்கும் 'நீட்' என்ற தேசிய ஆங்கிலத் திறன் தேர்வை 2012-இல் அரசு நடத்திப் பார்த்தது. சுனுங்கின் ஆங்கிலத் தாளுக்குப் பதிலாக இது வரும் என்றார்கள். நம் ஊர் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் பெயர் ஒன்று என்பதோடு சரி, வேறு தொடர்பில்லை. பேச்சுத் தேர்வு வந்தால் பெற்றோர் மறுபடி தனிப்பயிற்சிக்குத்தான் ஓடுவார்கள் என்ற பயம் எழுந்தது, ஆட்சியும் மாறியது, ஓரிரு ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே உருப்படியான காரணமும் அதோடு போயிற்று.

செலவும் சேர்ந்துகொண்டது. மாதம் இருபது லட்சம் வோனுக்கு மேல் சம்பளம், தங்க வீடு, விமானச் சீட்டு, ஒப்பந்தம் முடிந்தால் பணிக்கொடை. அதே பணத்தில் கொரிய ஆசிரியர்களுக்கே நல்ல பயிற்சி கொடுக்கலாம் என்ற வாதம் நியாயமாகவே ஒலித்தது. சியோல் கல்வித் துறை கருத்துக் கேட்டபோதும், ஆங்கிலம் நன்றாகப் பேசும் கொரிய ஆசிரியரையே விரும்புவதாகச் சொன்னவர்கள் அதிகம்.

பிறகு என்ன நடந்தது? வெளிநாட்டு ஆசிரியர்கள் கொரியாவை விட்டுப் போய்விடவில்லை. அவர்களைச் சந்திக்கும் வாசல்தான் மாறியது. 'ஹாக்வோன்' என்ற தனிப்பயிற்சி நிலையங்களிலும், 'ஆங்கில மழலையர் பள்ளி' என்று மக்கள் அழைக்கும் நிலையங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அந்த மழலையர் நிலையங்களில் மாதக் கட்டணம் பத்து லட்சம் வோனைத் தாண்டும். சியோலின் கங்னம் பகுதியில் நான்கு வயதுக் குழந்தை வெளிநாட்டவரோடு நாள் முழுக்கப் பேசுகிறது. நெல்வயலும் மீன்பிடித் துறையும் உள்ள ஊர்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலருக்கு அவரைப் பார்க்கவே வழியில்லை. 2008-இல் தொடங்கிய 'டாக்' திட்டமும் 2021-இல் முடிந்துவிட்டது. வெளிநாட்டு ஆசிரியரால் பயனில்லை என்று பொதுப் பள்ளிகளுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே நகரத்தில், வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளுக்கு அவரையே விலைகொடுத்து அமர்த்துவதை நிறுத்தவில்லை. பயன் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

'டாக்' முடிந்த அதே ஆண்டில், கல்வி ஒளிபரப்பு நிறுவனமான இ.பி.எஸ். உருவாக்கிய 'ஏஐ பெங்டாக்' தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்த பெங்சூ என்ற பென்குயின் அதில் அவர்களோடு ஆங்கிலம் பேசும். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனை முறை தவறினாலும் அது அலுத்துக்கொள்ளாது. நாலு பேர்முன் பேசக் கூசும் பிள்ளைக்கு நல்ல துணை. ஆனால் அந்தப் பிள்ளையின் வயிற்று வலி பெங்சூவை ஒன்றும் செய்யாது. பிள்ளை சொன்னதைக் கேட்டு யாரோ ஒருவர் எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டிய தேவை அங்கே கிடையாது. 2023-இல் சியோல் கல்வித் துறை வெளிநாட்டு ஆசிரியர்களை மறுபடி கூட்டப்போவதாக அறிவித்தது. ஆங்கிலம் பேசும் ரோபோக்களையும் அதே மூச்சில் அறிவித்தது. இரண்டில் எது மலிவு என்று தெரிந்த எனக்கு எது நிலைக்கும் என்ற கவலை இருக்கிறது.

'பள்ளிக்கு ஒருவர்' விட்டுச்சென்ற வாரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009-இல் நடுநிலைப் பள்ளியில் இருந்தவர்களுக்கு இப்போது ஏறத்தாழ முப்பது வயது. அவர்களில் ஆங்கில ஆசிரியராகி, அதே அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகளில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தங்கள் ஆசிரியர்களின் தலைமுறையைவிடக் கூச்சமில்லாமல் அவர்கள் வகுப்பில் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆங்கிலம் நன்றாகப் பேசும் கொரிய ஆசிரியர் போதும் என்று சொல்லித்தானே 2011-இல் நிதியை வெட்டினார்கள்? அப்படிப்பட்டவர்களை உருவாக்கியதில் வெட்டப்பட்ட அந்த ஏற்பாட்டுக்கும் பங்கு இருந்தது. அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் இன்று மேல்நிலைப் பள்ளியில் உட்கார்ந்து 45 கேள்விகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.