மதுரை அவைக்களத்து நீலகண்ட தீட்சிதரும் சிவலீலார்ணவமும்

சேலம், நாமக்கல் சமவெளிகளும் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 17ஆம் நூற்றாண்டில், தாரமங்கலத்தில் சிற்றரசர்களான கெட்டி முதலிகள் கைலாசநாதருக்குத் திருப்பணி செய்த அந்தக் காலத்தில், மதுரையில் வடமொழிக் கவிதையை ஓங்கச் செய்தவர் நீலகண்ட தீட்சிதர். அப்பைய தீட்சிதரின் தம்பியாகிய ஆச்சான் தீட்சிதருக்குப் பேரரான இவர், திருமலை நாயக்கரின் (1623–1659) அமைச்சராக விளங்கினார் என்று மரபு போற்றுகிறது. அவருடைய காவியங்களை இங்குக் கருதுவோம்.

சிவலீலார்ணவம்

ஆலவாய் அண்ணலாகிய மதுரைச் சிவபெருமானின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களையும் 22 சருக்கங்களில் விரித்துரைக்கும் மகாகாவியம் இது. சருக்கம் என்பது பெருங்காவியத்தின் உட்பிரிவாகும். தடாதகைப் பிராட்டியாராகிய மீனாட்சியம்மையின் அவதாரம், சங்கப் புலவர் கலகம் தீர்த்தது, வந்திக்காகப் பிட்டுக்கு மண் சுமந்தது எனப் பரஞ்சோதி முனிவர் தமிழில் பாடிய அதே அருட்செயல்கள், காளிதாசர் முதலியோர் நடந்த காவிய நெறியில் இங்கே வடமொழிக் கோலம் கொள்கின்றன. தமிழ் மண்ணின் தலபுராணத்தையும், அதனுள் சங்கப் புலவர் பெருமையையும், பாரத நாடெங்கும் உள்ள அறிஞர் படிக்கும் மொழியில் நிலைபெறச் செய்ததே தீட்சிதரின் தலையாய தொண்டு.

பகீரதன் தவத்தைப் பாடும் கங்காவதரணம், ஈசன் நஞ்சுண்டதைக் கூறும் நீலகண்டவிஜய சம்பு ஆகியவையும் சிவபரமாகவே அமைந்தன. சம்பு என்பது உரைநடையும் செய்யுளும் விரவிய காவிய வகை. நீலகண்டவிஜய சம்பு கலியுகம் 4738இல், அதாவது கி.பி. 1637 அளவில், இயற்றப்பெற்றது.

அவையும் அறமும்

அரசவையில் வீற்றிருந்தும், அரசனைப் பாட்டுடைத் தலைவனாக்காமல் இறைவனையே பாடிய பெருமை இவருக்கு உண்டு. போலிக் குருமார், சோதிடர், மருத்துவர், உலோபிகள் ஆகியோரின் பொய்ம்மையைக் கலிவிடம்பனத்தில் நகைச்சுவையோடு இடித்துரைத்தார். வைராக்கிய சதகத்திலும் சாந்திவிலாசத்திலும் பற்றற்ற நெறியைப் பேசினார். அரசரின் ஆதரவு புலமைக்கு நிழலாகலாம், விலங்காகலாகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

தீட்சிதர் போற்றிய வடமொழி மரபு நம் மண்ணுக்கும் புதிதன்று. நாமகிரித் தாயாரின் திருவருள் விளங்கும் நாமக்கல்லில், அதியமான் மரபினர் குடைந்த குகைக்கோயிலிலேயே கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு உள்ளது. அத்தகைய மண்ணில் பிறந்த இளைஞர்கள் கிரந்தம் பயில வேண்டும். பரஞ்சோதியாரையும் தீட்சிதரையும் அருகருகே வைத்து ஓத வேண்டும். முன்னோர் இரு மொழியிலும் தேடித் தந்த செல்வத்தைக் காக்க வேண்டும்.