கிரான்மரின் வலக்கை

மன்னன் எவ்வழி மன்னுயிர் அவ்வழி என்பர். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவ்வழி நான்கு முறை திரும்பிற்று.

எட்டாம் ஹென்றியின் முதல் மணம் செல்லாதென 1533 இல் தீர்ப்பளித்தவர் கன்ரபரி அதிமேற்றிராணியார் தோமஸ் கிரான்மர். அடுத்த ஆண்டில் பாப்பரசரின் அதிகாரத்தை விலக்கி, ஹென்றி தானே திருச்சபைத் தலைவனானான்; ஆயினும் பூசை இலத்தீனிலேயே நடந்தது. மைந்தன் ஆறாம் எட்வேட் ஒன்பது வயதில் முடிசூடவே, ஆட்சி ஆலோசகர் கைப்பட்டது. 1549 இல் கிரான்மரின் ஆங்கில வழிபாட்டு நூல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. கோண்வாலில் ஆங்கிலம் அறியாதார் பலர்; மக்கள் மொழியென்று அளிக்கப்பட்டது அவர்க்கு அந்நிய மொழியே. டெவனிலும் கோண்வாலிலும் பழைய பூசையைக் கேட்டுக் கிளர்ந்தோர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

1553 இல் மேரி அரசியானாள். ஹென்றி தள்ளிவைத்த கத்தோலிக்க அரசியின் மகள் அவள், கிரான்மரை மறப்பாளா? சிறையில் மனந்தளர்ந்த முதியவர், தம் கொள்கையைக் கைவிட்டதாகப் பன்முறை கையெழுத்திட்டார். அவ்வாறு பணிந்தவரை எரித்தல் வழக்கமன்று. எனினும் ஆணை மாறவில்லை. 1556 மார்ச் 21 ஆம் நாள், ஒக்ஸ்போட்டில் தம் பணிவை ஊரறியக் கூற எழுந்தவர், கையெழுத்திட்டதே பிழையென்றார். தீ மூண்டதும் அந்த வலக்கையையே முதலில் நீட்டினார்.

1559 இல் எலிசபெத்து அவருடைய வழிபாட்டு நூலைச் சிறு மாற்றங்களுடன் கோயில்களுக்கு மீண்டும் அளித்தாள்.