ஆளில்லாத தொகுதியும் இரண்டு அங்கத்தவர்களும்

பிரித்தானியப் பாராளுமன்ற முறை வளர்ந்த விதத்தை ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு ஓல்ட் சேரம் என்ற பழைய தொகுதியைச் சொன்னேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு சேர் ரெண்டு எம்.பி.? அவங்க ஆருக்காகப் பேசுற?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதை இங்கிலாந்து மக்கள் கேட்டு முடிக்கப் பல தலைமுறைகள் எடுத்தன.

இங்கிலாந்தின் தென்பகுதியில், வில்ட்ஷயரில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதுதான் ஓல்ட் சேரம். நோர்மானியர் அங்கே கோட்டை கட்டினர். 1092 இல் பேராலயமும் எழுந்தது. ஆனால் உச்சியில் காற்றின் கொடுமை, தண்ணீர்ப் பஞ்சம், கோட்டைப் படையினருக்கும் குருமாருக்கும் இடையே ஓயாத பிணக்கு. 1220 இல் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அத்திவாரம் இட்டார்கள். மக்களும் அதன் பின்னே இறங்கிப் போனார்கள். இன்றைய சாலிஸ்பரி அப்படி உருவானதே. மேட்டில் கற்களும் புல்லும் மிஞ்சின.

ஊர் போயிற்று, உரிமை போகவில்லை. 1295 இல் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய அந்த இடம், பதினான்காம் நூற்றாண்டிலிருந்து தொடர்ச்சியாக இரண்டு அங்கத்தவர்களை அனுப்பி வந்தது. வாக்குரிமை அங்கே மனிதனோடு அல்ல, குறிப்பிட்ட சில காணித்துண்டுகளோடு ஒட்டியிருந்தது. அக்காணிகளை யார் வைத்திருந்தாரோ அவரிடமே தொகுதியும் இருந்தது. தேர்தல் வரும்போது அவர் தமக்கு வேண்டியவர்களின் பெயருக்குக் காணிகளை எழுதிக் கொடுப்பார். அவர்கள் வந்து வாக்களிப்பார்கள். பின்னர் காணி மீண்டும் அவர் கைக்கே வந்துவிடும். ஓர் எல்ம் மரத்தடியே தேர்தல் மண்டபம். 1831 இல் அங்கே வாக்காளர் 11 பேர். ஒருவர்கூட அங்கே குடியிருந்தவரல்லர்.

இந்த மேட்டை 1691 இல் விலைக்கு வாங்கியவர் தோமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகத்தை மீறி இந்திய வணிகத்தில் பொருள் சேர்த்தவர். அவரை அடக்க முடியாத கம்பனி, 1698 இல் அவரையே சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டைக்கு ஆளுநராக்கியது. அங்கே ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 கரட் எடையுள்ள வைரமொன்றை வாங்கி, பட்டை தீட்டுவித்து, 1717 இல் பிரான்சின் அரச பிரதிநிதியான ஓர்லியன்ஸ் கோமகனுக்குப் பெருவிலைக்கு விற்றார். பிட் குடும்பத்தின் செல்வாக்கு இவ்வாறே வேரூன்றியது. அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735 இல் முதன்முதலாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தது ஓல்ட் சேரம் அங்கத்தவராகத்தான். இத்தகைய தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று 1766 இல் கண்டித்தவரும் அதே மூத்த பிட்தான்.

தென்னிந்தியாவின் பணம் இந்த ஒரு மேட்டோடு நிற்கவில்லை. ஆற்காட்டு நவாப் முஹம்மத் அலி வாலாஜா, கம்பனி உத்தியோகத்தரிடம் கடும் வட்டிக்குக் கடன்பட்டிருந்தார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருமானம் கடன்காரர் கைக்குப் போயிற்று. அக்கடன்காரருள் பெயர்பெற்ற போல் பென்ஃபீல்ட், 1780 இல் கிரிக்லேட் தொகுதியின் அங்கத்தவரானார். கர்நாடகத்துக் குடியானவனின் நெல், வில்ட்ஷயரில் வாக்காக மாறியது என்றால் மிகையில்லை. 1785 பெப்ரவரியில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன் ஊழலைப் பாராளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். விசாரணையின்றிக் கடன்களை ஏற்றுக்கொண்ட அரசின் பிரதமர், ஓல்ட் சேரம் பிட்டின் மகன் இளைய பிட். அதே ஆண்டு ஏப்ரலில் 36 சிறு தொகுதிகளை நட்டஈடு கொடுத்து ஒழிக்கும் பிரேரணையை அவரே கொண்டுவந்தார். 174 க்கு 248 என்ற வாக்குகளால் அது தோற்றது. வாக்குரிமையை ஒரு சொத்தாகவே அன்று எல்லோரும் கருதினர் என்பதற்கு அந்த நட்டஈட்டு யோசனையே சான்று. 1802 இல் பிட் குடும்பம் ஓல்ட் சேரத்தைக் கலிடன் பிரபுவுக்கு விற்றபோது விலை 60,000 பவுண் எனப்படுகிறது. மண்ணுக்கு அந்தப் பெறுமதி இல்லை. விலை போனவை இரண்டு ஆசனங்களே.

மறுபுறத்தில் மன்செஸ்டர், பேர்மிங்ஹாம், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களுக்குத் தமக்கென ஓர் அங்கத்தவர்கூட இல்லை. 1819 ஓகஸ்ட் 16 ஆம் திகதி மன்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மீது குதிரைப்படை பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். 1831 ஒக்டோபரில் பிரபுக்கள் சபை சீர்திருத்தச் சட்டமூலத்தை நிராகரித்தபோது பிறிஸ்டல் பற்றி எரிந்தது. 1832 ஜூனில்தான் சட்டம் நிறைவேறியது. ஓல்ட் சேரம் உட்பட 56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. ஆயினும் உழைப்பாளிக்கும் பெண்ணுக்கும் அப்போதும் வாக்கில்லை. இரகசிய வாக்கெடுப்பு 1872 இலும், ஆணுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்கு 1928 இலுமே கிடைத்தன. ஓல்ட் சேரத்தின் கடைசித் தேர்தல் நடந்து நூறாண்டு சென்ற 1931 இல், இலங்கையர் சர்வஜன வாக்குரிமையுடன் முதன்முதலாக வாக்களித்தனர்.

ஆசிரியன் என்பதால் தேர்தல் கடமைக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறை, இடம்பெயர்ந்தவர்கள் குடியிருந்த ஒரு பகுதியில் கடமை. முதியவர் ஒருவர் வெயிலில் வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தார். அடையாள அட்டை இருந்தது. இடாப்பில் பெயர் இல்லை. இரண்டு தரம் தேடினேன். "முந்தி எங்கட ஊர்ல என்ட பேர் இருந்திச்சி தம்பி" என்றார். சட்டப்படி அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஓல்ட் சேரத்தில் ஊரை விட்டு மக்கள் போனார்கள், வாக்கு அங்கேயே தங்கிவிட்டது. இந்த மனிதர் ஊரை விட்டு வந்தார், வாக்கு அவரோடு வரவில்லை. அந்த மாணவனுக்கு மறுநாள் 1832 இன் கதையை முழுவதும் சொன்னேன். முதியவரின் கதையையும் சேர்த்தே சொன்னேன். பாடப்புத்தகத்தில் அது இல்லை. ஆனால் அவனுடைய கேள்விக்கு விடையின் பாதி அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.