சேர்வராயனைப் பார்க்க நடந்தவர்கள்

ஏற்காட்டின் வரலாற்றைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே நிற்பவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். 1820-களில் காபியைக் கொண்டுவந்தவர். பிறகு எஸ்டேட், பங்களா, ஏரி... கதை முடிந்தது! அதற்கு முன் இந்த மலையில் யாருமே நடக்கவில்லையா என்ன?

நடந்தார்கள். மலையின் ஆங்கிலப் பெயரே சாட்சி. ஷெவராய் என்பது சேர்வராயன்தான். 5,326 அடி உயர உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய இருட்டுக் குகையில், காவேரியம்மனோடு இருக்கும் சாமி. அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார ஊர்களின் மலையாளிகள் அங்கே கூடுகிறார்கள். (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர், தமிழ் பேசுபவர்.) சாலை வருவதற்கு முன் காட்டுத் தடம் ஒன்றே வழி.

அவர்கள் மலைக்கு வந்ததும் ஒரு நடைதான். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக வாய்மொழிக் கதை. ஆனால் எந்த வருடம், எந்த வழி? கதையில் அதெல்லாம் கிடையாது.

பிரான்ஸ் நாட்டு யாத்திரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். லெ புய் ஊரின் பிஷப் கோதெஸ்கால்க் 950-இல் ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் புறப்பட்டார். அது எப்படித் தெரியும்? வழியில் அல்பெல்தா மடத்தில் அவருக்காக ஒரு நூலைப் படியெடுத்த கோமெசானோ என்ற துறவி, முன்னுரையில் அவர் வந்ததையும் எழுதிவைத்தார். அந்த ஒரு குறிப்பு போதும், பிஷப் வரலாற்றில் ஏறிவிட்டார். பிரான்ஸில் உள்ள அந்த யாத்திரைப் பாதைகளுக்கு 1998-இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது.

சேர்வராயன் மலையில் அப்படி எழுதிவைக்க ஆள் இல்லை. காஞ்சிபுரக் கதை தர்ஸ்டனின் 1909-ஆம் வருடப் புத்தகத்தில் ஏறியதுகூட, சாதிகளைப் பட்டியல் போடும் அரசாங்க வேலைக்காகத்தான்!

எழுதப்படாத தடத்துக்கு ஆதாரம் மண் மட்டுமே. அந்த மண்ணிலோ பாக்சைட் இருந்தது. 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்காக இந்த மலை வெட்டப்பட்டது. 2008-இல் ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. வெட்டிய மண் மட்டும் திரும்பி வரவில்லை. திருவிழாவுக்கு மக்கள் இன்னும் ஏறி வருகிறார்கள்.